குறைக் கட்டணம்

வீடு வாடகைக்கு, அதில் பிரிக்க ஒன்றுமில்லை.
ஃபிரிட்ஜ் உனக்கு, வாஷிங் மெஷின் எனக்கு
என்று வக்கீல் பல்லா அரை மணியில் எழுதி முடித்தார்.
அப்புறம்தான் நீ தொண்டையைச் செருமினாய்:
தபால்தலைப் புத்தகங்கள்.

எத்தனை?
இருநூற்றுப் பதினேழு.
என்ன பெறும்?
நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்,
மூன்று மாதத்தில் முதல் தடவையாக.
"நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்,
அவர் பேனாவுக்கு அது சின்ன சமாச்சாரம்.

மயூர் விஹாருக்கு வந்தாய், டிசம்பர் ஞாயிறு.
பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கையே காணோம்.
ஹீட்டரை நடுவில் வைத்துத் தரையில் பரப்பினோம்.
பட்டர் பேப்பர் உறைகள்,
செருப்புப் பெட்டிகளிலிருந்து நான் சேர்த்த சிலிக்கா பொட்டலங்கள்,
உனக்கு விரல் வேர்க்கும் என்பதற்காக வாங்கிய இடுக்கி.

பறவைகள் எனக்கு.
ஆந்தை?
ஆந்தையும் பறவைதான், சேந்தன்.
நீராவி எஞ்சின்கள் உனக்கு. ஆர்க்கிட் எனக்கு.
மலை ரயிலைத் தனியாக வை, அதில் பூவும் இருக்கிறது.
கலங்கரை விளக்கங்கள் மட்டும் முப்பத்தொன்று!
கடலே இல்லாத ஊரில்
யாருக்கு வழிகாட்ட வாங்கிக் குவித்தோம்?

கடைசியில் மிஞ்சியது படிக்கிணறு.
அட்டை மடங்கவில்லை, பின்னூசி துருப்பிடிக்கவில்லை,
எட்டுத் தலையும் எட்டாக.

சன்சத் மார்க் கவுண்டரில்
அன்று இருந்தது அது ஒன்றுதான்.
வரிசையில் நான் முன்னால், நீ பின்னால்,
சரியான சில்லறை மட்டும் உன்னிடம்.
மாதம் ஒருவர் வைத்துக்கொள்வது என்று பேச்சு.
ஒவ்வொரு முதல் தேதியும்
ராஜீவ் சௌக், ஆறாம் எண் வாசல், கைமாற்றம்.
எட்டாம் மாதம், மெட்ரோ டிக்கெட் மிச்சமாகட்டும் என்று
கல்யாணம் செய்துகொண்டோம்.
இதை நீ விருந்துகளில் சொல்வாய்,
சிரிப்பு வரும் இடத்தில் சரியாக நிறுத்துவாய்.

"நீயே வைத்துக்கொள்" என்றேன்.
"இல்லை, நீ" என்றாய்.
விட்டுக்கொடுப்பதில்கூட
ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.
ஹீட்டரில் ஒரு கம்பி அணைந்தது.
நீ எடுத்துக்கொண்டு போனாய்.

மார்ச்சில் ரோஹ்தாஸ் மணி அடித்தார்.
கையில் தடித்த உறை.
"பத்து ரூபாய் மேடம், தலை குறைச்சல்."
கோர்ட்டில் இரண்டாம் மனுவுக்கு
நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள்,
நாற்பது கிராமாவது இருக்கும்.
மேலே ஒரே ஒரு ஐந்து ரூபாய்த் தலை.
இறங்கிக்கொண்டே போகும் படிகள்,
கீழே ஒரு சொட்டுப் பச்சை.

மூன்று பக்கம் பல்.
ஒரு பக்கம் கத்தி வெட்டாய் நேர்க்கோடு.
புத்தகத்திலிருந்து கிழித்த தலைக்குத்தான் அந்த ஓரம் இருக்கும்.
அதை எனக்குச் சொல்லித் தந்ததும் நீதான்,
தெரிந்தேதான் செய்தாயா, அவசரத்துக்கா,
திட்டா, வணக்கமா?
அஞ்சல் முத்திரை கறுப்பு மை கொட்டி
கிணற்றின் பாதியைத் தூர்த்திருந்தது.

எடை போடாமல் ஒட்டுவது உன் பழக்கம்.
மீதியை, அதுவும் இரட்டிப்பாக,
வாசலில் நின்று கட்டுவது நான்.
இருபது ரூபாய் நீட்டினேன்.
சில்லறை நாளைக்கு என்று சைக்கிளை மிதித்தார்,
ஏப்ரலும் வந்துவிட்டது.

வெந்நீர்க் கிண்ணம் எடுத்தேன், தலையைக் கழற்ற.
ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொட்டினேன்.
உறையோடு இருந்தால்தான் மதிப்பு,
குறைக் கட்டணக் குறியோடு இருந்தால் இன்னும் கொஞ்சம்.
உன்னிடம் ஏழும் ஓர் ஓட்டையும்.
என்னிடம் ஒன்றும் உன் கையெழுத்தில் என் முகவரியும்.

எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியவில்லை.
இப்போதைக்கு ஆந்தைகளுக்குப் பின்னால்.